போக்கர் வீரர்கள் எழுதும் உத்திப் புத்தகங்கள்: எது நிலைக்கும், எது காலாவதியாகும்?

போக்கரில் பெயர் பெற்ற வீரர்கள் எழுதிய உத்திப் புத்தகங்களைப் பற்றி இரண்டு கருத்துகள் உலவுகின்றன. அவற்றைப் படிக்காமல் ஆட்டம் புரியாது என்பது ஒன்று. கணினி நிரல்கள் வந்த பிறகு அவற்றுக்கு மதிப்பில்லை என்பது மற்றொன்று. புதிதாகக் கற்பவர் இரண்டுக்கும் நடுவில் குழம்பி நிற்கிறார். இரண்டு கருத்துகளும் ஒரு புத்தகத்தை முழுதாக ஏற்கவோ முழுதாகத் தள்ளவோ சொல்கின்றன. ஆனால் ஒரே புத்தகத்துக்குள், சில சமயம் ஒரே பக்கத்துக்குள், நூறு ஆண்டு நிற்கக்கூடிய செய்தியும் பத்தே ஆண்டில் பொய்த்துப்போகும் செய்தியும் அருகருகே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியத் தெரிந்துகொண்டால் இந்தப் புத்தகங்கள் மிகவும் பயன்படும்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை

இன்று பரவலாக ஆடப்படும் வகை டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள் தரப்படும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மூன்று கட்டங்களாக மேசையில் திறக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று. மறைவுச் சீட்டுகள் வந்தவுடனும், பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், எதிராளியின் பந்தயத்துக்கு ஈடுகொடுக்கலாம், அதை உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இதுவரை கட்டப்பட்டு நடுவில் சேர்ந்திருக்கும் பணத்தை ‘பாட்’ என்பார்கள்; இங்கே நடுப்பணம் என்று சொல்வோம். சீட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய தொகைகள் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் எனப்படும்.

நடுப்பணத்தை வெல்ல இரண்டே வழிகள். கடைசியில் காட்டும்போது சிறந்த சீட்டுகள் நம்மிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மற்ற எல்லோரும் அதற்கு முன்பே விலகியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழி இருப்பதால்தான் போக்கரில் உத்தி என்ற ஒன்று இருக்கிறது. வலுவற்ற சீட்டை வைத்துக்கொண்டு வலுவிருப்பதுபோல் பந்தயம் கட்டுவது ப்ளஃப்.

ஒரு புத்தகத்துக்குள் மூன்று விதச் செய்திகள்

எந்த உத்திப் புத்தகத்தைத் திறந்தாலும் அதில் சொல்லப்படுபவை மூன்று வகைக்குள் அடங்கும்.

1. கணக்கு. 52 சீட்டுகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 1,326 வழிகள் உண்டு. இனம் எது என்ற வேறுபாட்டை நீக்கிப் பார்த்தால் 169 வகைத் தொடக்கங்கள். இரண்டு ஏஸ் கிடைக்கும் வாய்ப்பு 221க்கு ஒன்று. மேசையில் மூன்று பொதுச் சீட்டுகள் திறந்த நிலையில், ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருப்பவருக்கு, தெரியாத 47 சீட்டுகளில் 9 உதவும். அடுத்த சீட்டில் அது வர வாய்ப்பு சுமார் 19 சதவீதம். இவை எந்தக் காலத்திலும் மாறாதவை.

2. தர்க்கம். கணக்கை முடிவாக மாற்றும் முறை இது. நடுப்பணம் 100, எதிராளி 50 கட்டுகிறார். நாம் 50 போட்டு 150ஐ வெல்லப் பார்க்கிறோம். நான்கில் ஒரு முறை, அதாவது 25 சதவீதம், வென்றால் நட்டமில்லை. மேலே சொன்ன 19 சதவீதம் இதற்குப் போதாது. நமக்கு வேண்டிய சீட்டு வந்தபின் எதிராளியிடமிருந்து மேலும் பணம் வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே ஈடுகொடுக்கலாம்.

3. மனிதர்களைப் பற்றிய கூற்று. ‘இந்த இடத்தில் உயர்த்தினால் பெரும்பாலானோர் விலகிவிடுவார்கள்’, ‘இவ்வளவு பெரிய பந்தயம் ப்ளஃபாக இருக்காது’ என்பன போன்றவை. எழுதியவர் தம் காலத்தில், தம் மேசையில், தம் எதிராளிகளிடம் கண்டவை இவை.

முதல் வகை மாறாது. இரண்டாம் வகை கிட்டத்தட்ட மாறாது. மூன்றாம் வகை மட்டும் காலாவதியாகிறது. அதுவும் புத்தகம் நன்றாக விற்றால் இன்னும் வேகமாகக் காலாவதியாகிறது. வாசகருக்கு வரும் துன்பம், மூன்றாம் வகைக் கூற்றுகள் பல நேரம் முதல் வகையின் உறுதியான குரலில் எழுதப்பட்டிருப்பதுதான்.

பிரன்சனின் அனுபவம்

இதற்குத் தெளிவான சான்று அமெரிக்க வீரர் டாயில் பிரன்சன். 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். அடுத்து அவர் வெளியிட்ட ‘சூப்பர் சிஸ்டம்’ போக்கர் எழுத்தில் ஒரு திருப்பம். சிப் ரீஸ், பாபி பால்ட்வின், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மைக் காரோ போன்றோர் தத்தம் ஆட்ட வகைக்குத் தனித்தனி அத்தியாயம் எழுதினார்கள். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத ‘நோ லிமிட்’ ஹோல்டெம் பகுதியை பிரன்சனே எழுதினார். நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பதே கெட்டிக்காரத்தனம் என்று பலரும் நினைத்த காலத்தில், தொடர்ந்து உயர்த்தி எதிராளிகளை நெருக்கிக்கொண்டே இருப்பதுதான் பணம் தரும் என்று அவர் விளக்கினார். சிறு சிறு நடுப்பணங்களை எதிர்ப்பின்றி எடுத்துக்கொண்டே போனால், பெரிய மோதலில் எப்போதாவது தோற்றாலும் அதைத் தாங்கச் சேமிப்பு இருக்கும் என்பது அவருடைய வாதம்.

அந்த உத்தி வேலை செய்தது, மற்றவர்கள் எளிதில் விலகியதால்தான். புத்தகம் பரவியதும் அவர்கள் விலகுவது குறைந்தது. தம் ஆட்டத்தைத் தாமே எதிராளிகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதாகவும், புத்தகத்தால் வந்ததைவிட மேசையில் போனது அதிகம் என்றும் பிரன்சன் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். வெற்றி பெறுகிறவர் ஏன் தம் ரகசியத்தை விற்க வேண்டும் என்று சந்தேகப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் ஒளித்து எழுதவில்லை. எழுதியதால் நட்டப்பட்டார்.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் 86 டாலர் தகுதிப் போட்டி ஒன்றில் ஆடி, அதன் வழியாக முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு 839 பேர் ஆடிய போட்டியில் அடுத்த ஆண்டு 2,576 பேர், 2006இல் 8,773 பேர். கற்க விரும்பியவர்களின் கூட்டம் பெருகியது, புத்தகங்களும் பெருகின. 2004 முதல் வெளிவந்த டான் ஹாரிங்டனின் ஹோல்டெம் தொகுதிகள் அந்தத் தலைமுறையின் பாடநூல்கள் ஆயின. பந்தயத்தை உயர்த்தியவர், அடுத்த மூன்று சீட்டுகள் உதவாவிட்டாலும் மீண்டும் கட்ட வேண்டும் என்ற பாடத்தை அவை ஊரறியச் செய்தன. சில ஆண்டுகளில் எல்லோரும் அப்படியே கட்டத் தொடங்கினார்கள். எல்லோரும் கட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், அதை எதிர்த்து உயர்த்துவது அடுத்த பாடம் ஆயிற்று.

ஒரே சூத்திரம், மாறிய விடை

பழைய புத்தகம் ‘தவறு’ என்று சொல்லப்படும் இடங்களில் உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி விவாதம் தீர்ந்துவிடும்.

பெரிய பிளைண்டில் நாம் இருக்கிறோம். கடைசி இடத்தில் இருப்பவர் உயர்த்துகிறார். சிறிய பிளைண்ட் விலகுகிறார். சுமாரான சீட்டுகளோடு நாம் ஈடுகொடுக்கலாமா?

பழைய பழக்கப்படி அவர் பெரிய பிளைண்டைப் போல் மூன்று மடங்கு உயர்த்தியிருப்பார். பெரிய பிளைண்டை 1 என்றும் சிறிய பிளைண்டை அதில் பாதி என்றும் கொண்டால், நடுவில் இருப்பது 3 + 0.5 + 1 = 4.5. நாம் மேலும் போட வேண்டியது 2. மொத்தம் 6.5இல் நம் பங்கு 2. ஆகவே ஏறத்தாழ 31 சதவீதம் வெல்ல வேண்டும்.

இன்றைய போட்டிகளில் பெரிய பிளைண்டில் இருப்பவர் எல்லோருக்காகவும் ‘ஆன்டி’ என்ற கூடுதல் கட்டாயத் தொகையாக இன்னொரு பிளைண்ட் வைப்பது வழக்கமாகிவிட்டது. உயர்த்துபவரும் பெரும்பாலும் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்கிறார். நடுவில் இருப்பது 2 + 0.5 + 1 + 1 = 4.5. நாம் போட வேண்டியது 1 மட்டும். மொத்தம் 5.5இல் 1, ஏறத்தாழ 18 சதவீதம் போதும்.

‘பெரிய பிளைண்டில் சுமாரான சீட்டை விட்டுவிடு’ என்று எழுதிய பழைய ஆசிரியர் அவர் காலத்துக்குச் சரியாகவே எழுதினார். இன்று அதைப் பின்பற்றுகிறவர் மலிவாகக் கிடைக்கும் வாய்ப்பை ஒவ்வொரு சுற்றிலும் வீணாக்குகிறார். சூத்திரம் ஒன்றுதான், உள்ளே இடும் எண்கள் மாறிவிட்டன. சூத்திரத்தை விளக்கிவிட்டு விடையைச் சொன்ன புத்தகம் இன்றும் பயன்படுகிறது, ஏனென்றால் வாசகர் புதிய எண்களைத் தாமே இட்டுக்கொள்ளலாம். விடையை மட்டும் பட்டியலாகக் கொடுத்த புத்தகத்தில் அதற்கு வழியில்லை.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1980களில் எழுதிய ‘தியரி ஆஃப் போக்கர்’ இன்றும் நிற்பதற்குக் காரணம் இதுவே. எதிராளியின் சீட்டுகள் தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்போமோ அதிலிருந்து விலகும் ஒவ்வொரு முறையும் நாம் இழக்கிறோம், அவர் அடைகிறார் என்பது அதன் மையக் கருத்து. மூன்று நான்கு பேர் மோதும் இடங்களில் இதற்கு விலக்குகள் உண்டு. எடுத்துக்காட்டுகள் பல, இன்று அதிகம் ஆடப்படாத போக்கர் வகைகளிலிருந்து வருகின்றன. ஆனாலும் சிந்திக்கும் முறையைக் கற்க அதற்கு ஈடான நூல்கள் குறைவு.

வென்றவர் எழுதினால் போதுமா?

அட்டையில் ‘உலகச் சாம்பியன்’ என்று இருந்தால் நம்பிக்கை பிறப்பது இயல்பு. ஆனால் போக்கரில் ஒரு வெற்றி எவ்வளவு சொல்லும்?

ஒருவர் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறார், நூறு ஆட்டத்துக்கு 5 பெரிய பிளைண்ட் சராசரி லாபம் என்று வைத்துக்கொள்வோம். நோ லிமிட் ஆட்டத்தில் நூறு ஆட்டத்துக்கான திட்ட விலக்கத்தை, அதாவது சராசரியிலிருந்து முடிவுகள் சிதறும் அளவை, 90 பிளைண்ட் என்று கொள்ளலாம். 10,000 ஆட்டங்களில் அவர் எதிர்பார்க்கும் லாபம் 500 பிளைண்ட், சிதறலோ 900. கணக்கிட்டால், இத்தனை ஆட்டங்களுக்குப் பிறகும் அவர் நட்டத்தில் இருக்க ஏறத்தாழ 29 சதவீத வாய்ப்பு உண்டு. மணிக்கு 30 ஆட்டம் என்றால் இது 330 மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு. ஒரு லட்சம் ஆட்டம் முடிந்த பிறகுதான் அந்த வாய்ப்பு 4 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது.

ஆயிரக்கணக்கானோர் ஆடும் ஒரு போட்டியில் யாரோ ஒருவர் வென்றே ஆக வேண்டும். அந்த ஒரு வெற்றி அவருடைய முறை சரி என்பதற்குச் சான்றாகாது. மாறாக, ஹாரிங்டன் 1995இல் முதன்மைப் போட்டியை வென்றார். 2003இல் மூன்றாம் இடம், 2004இல் நான்காம் இடம். கூட்டம் பெருகிய அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இறுதி மேசையை எட்டியது கனமான சான்று.

இன்னொன்றும் உண்டு. நன்றாக ஆடுவது ஒரு திறன். அதை விளக்குவது வேறொரு திறன். பல ஆயிரம் மணி நேரம் ஆடியவர் ஒரு கணத்தில் எடுக்கும் முடிவுக்குப் பின்னே என்ன காரணம் என்று அவருக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். எழுதும்போது, பிறகு தோன்றிய ஒரு காரணத்தை வைத்துவிடுகிறார். ஹாரிங்டனின் நூல்களில் காரணங்கள் அவ்வளவு சீராக வருவதற்கு, உலக பேக்கேமன் சாம்பியனான பில் ராபர்டி இணை ஆசிரியராக இருந்தது உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவருடைய மேசை வேறு, நம் மேசை வேறு

பெரும் பணத்துக்கு ஆடுகிற வீரரின் எதிராளிகள் ப்ளஃபுக்கு விலகத் தெரிந்தவர்கள். சிறிய பணத்துக்கு ஆடுகிறவர்களில் பலர் விலகவே விரும்புவதில்லை. நடுப்பணம் 100 இருக்கும்போது 100 கட்டி ப்ளஃப் செய்தால், எதிராளி பாதிக்கு மேற்பட்ட முறை விலகினால்தான் லாபம். நூற்றுக்கு 40 முறைதான் விலகுகிறார் என்றால் 40 முறை 100 வரவு, 60 முறை 100 செலவு. ஒவ்வொரு ப்ளஃபுக்கும் சராசரியாக 20 நட்டம். புத்தகத்தில் படித்த அழகான ப்ளஃப் அப்படியே தோல்வியாக முடிவது பெரும்பாலும் இதனால்தான்.

கணினி நிரல்கள் வந்தபின்

2015 ஜனவரியில், இரண்டு பேர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட லிமிட் ஹோல்டெமை நடைமுறையில் முழுதாகத் தீர்த்துவிட்டதாகக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. அவர்கள் உருவாக்கிய நிரலின் பெயர் செஃபியஸ். 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ், நோ லிமிட் வகையில் நான்கு தொழில்முறை வீரர்களோடு மொத்தம் 1,20,000 ஆட்டங்கள் ஆடித் தெளிவாக வென்றது. 2019இல் ப்ளூரிபஸ் ஆறு பேர் மேசையிலும் சாதித்தது. இதே காலத்தில் ‘சால்வர்’ எனப்படும் நிரல்கள் சாதாரணக் கணினிகளுக்கும் வந்தன.

சால்வர் தேடுவது சமநிலை உத்தியை. அதாவது, எதிராளி எப்படி மாற்றி ஆடினாலும் நம்மிடமிருந்து கூடுதலாகப் பறிக்க முடியாதபடி ஆடுவது. கடைசிக் கட்டத்தில் நடுப்பணம் அளவுக்குக் கட்டுகிறோம் என்றால், அந்தப் பந்தயங்களில் மூன்றில் ஒன்று ப்ளஃபாக இருக்க வேண்டும் என்பது அதன் ஒரு விடை. காரணம், ஈடுகொடுப்பவருக்கு மூன்றில் ஒரு முறை வென்றால் சரிக்குச் சரி. நம் ப்ளஃபும் அதே அளவில் இருந்தால் ஈடுகொடுப்பதாலும் விலகுவதாலும் அவருக்கு எந்த வேறுபாடும் இருக்காது.

இந்த வகைக் கணக்கு சால்வர்கள் கண்டுபிடித்ததல்ல என்பது கவனிக்கத்தக்கது. கணிதவியலாளர் ஜான் வான் நாய்மனும் பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னும் 1944இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலிலேயே போக்கருக்கும் ப்ளஃபுக்கும் ஒரு பகுதி உண்டு. பில் சென்னும் ஜெராட் ஆங்கன்மனும் 2006இல் வெளியிட்ட ‘மேத்தமேட்டிக்ஸ் ஆஃப் போக்கர்’ இதே கணக்குகளைப் படிப்படியாகச் செய்து காட்டியது. படிக்கக் கடினமான நூல்தான். ஆனால் சால்வர் வந்து அதைப் பொய்யாக்கவில்லை.

மறுபக்கம், சில பழைய உறுதிகள் உண்மையிலேயே உடைந்தன. பலவீனத்தின் அடையாளம் என்று கருதப்பட்ட, நடுப்பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள சிறு பந்தயங்கள் பல இடங்களில் சிறந்தவை என்று தெரிந்தது. சிறிய பிளைண்டிலிருந்து உயர்த்தாமல் வெறுமனே ஈடுகொடுத்து நுழைவது புதியவரின் தவறு என்று கற்பிக்கப்பட்டது. அதுவும் பல நிலைகளில் ஏற்கத்தக்கதே என்று தெரிந்தது.

அப்படியானால் சால்வரை மட்டும் வைத்துக்கொண்டு கற்கலாமே? சால்வர் ‘என்ன’ என்று சொல்லும். ‘ஏன்’ என்று சொல்லாது. எந்தப் பந்தய அளவுகளை ஆராய வேண்டும், எதிராளியிடம் எந்தச் சீட்டுகள் இருக்கலாம் என்பதை மனிதர்தான் உள்ளிட வேண்டும். அது தவறானால் விடையும் தவறு. ஒரு நிலையின் விடையை மனப்பாடம் செய்தவர், ஒரு சீட்டு மாறியதும் திகைக்கிறார். அந்த ‘ஏன்’ என்பதை எழுதும் புத்தகங்களுக்கு இன்று முன்பைவிடத் தேவை அதிகம்.

எல்லோரும் படித்தால்?

மேசையில் ஒருவர் வெல்லும் பணம் இன்னொருவர் இழந்தது. போதாததற்கு, ஆட்டத்தை நடத்துகிறவர் ‘ரேக்’ என்ற பெயரில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். ஆகவே எல்லோரும் சமமாகப் படித்த மேசையில் எல்லோரும் சேர்ந்து ரேக் அளவுக்கு நட்டப்படுவார்கள். புத்தகம் தருவது மற்றவரைவிட நாம் எவ்வளவு குறைவாகத் தவறு செய்கிறோம் என்ற இடைவெளியை மட்டும்தான். அந்த இடைவெளி ரேக்கைவிடப் பெரிதாக இருந்தால்தான் லாபம். புத்தகம் படித்தால் வருமானம் வரும் என்று யாரேனும் சொன்னால் அது பொய். இழந்ததை மீட்கவே ஆடிக்கொண்டிருக்கிறவருக்கு எந்த உத்திப் புத்தகமும் மருந்தல்ல. அவர் தேட வேண்டியது ஆட்டத்தை நிறுத்துவதற்கான உதவி.

தேர்ந்தெடுப்பதும் படிப்பதும்

1. கணக்கும் தர்க்கமும் உள்ள ஒரு நூலை முதலில் படிக்கலாம். அது எந்த ஆண்டில் வந்தது என்பது முக்கியமில்லை. தொடக்கச் சீட்டுப் பட்டியல், பந்தய அளவு போன்றவற்றுக்கு மட்டும் அண்மை நூல் வேண்டும்.

2. ஒவ்வொரு அறிவுரைக்கும் பக்கத்தில் அது மேலே சொன்ன மூன்று வகைகளில் எதைச் சேர்ந்தது என்று பென்சிலால் குறிக்கலாம். மூன்றாம் வகையாக இருந்தால் ‘என் எதிராளிகள் இப்படித்தானா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் வேகமாகப் பத்து நூல் படிப்பதைவிட இப்படி ஒன்றைப் படிப்பதில் கிடைப்பது அதிகம்.

3. எடுத்துக்காட்டு ஆட்டங்களில் ஆசிரியரின் விடையை மறைத்துவிட்டு, தம் முடிவையும் காரணத்தையும் எழுதிப் பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏதாவது ஓர் எடுத்துக்காட்டு ஆட்டத்தைத் திறந்து பாருங்கள். யார் எந்த இடத்தில் அமர்ந்திருந்தார், ஒவ்வொருவரிடமும் எவ்வளவு சிப் இருந்தது, பந்தயம் எவ்வளவு, எதிராளி அதுவரை எப்படி ஆடினார் என்ற நான்கும் அங்கே இருக்கிறதா? இருந்தால் ஆசிரியரின் முடிவோடு நாம் உடன்படாவிட்டாலும் அதைச் சரிபார்க்க முடியும். ‘அவரிடம் ஒன்றுமில்லை என்று உள்ளுணர்வு சொன்னது, எல்லாவற்றையும் தள்ளினேன், அவர் விலகினார்’ என்று மட்டும் இருந்தால் அது வாழ்க்கைக் கதை. அதைக் கதையாகவே வாங்கிப் படிக்கலாம்.